டாடி பெயரில் ஒரு கிட்னி

ரிச்சர்ட்ஸ் டவுன்,
பெங்களூர் - 5.
2.5.2004, ஞாயிறு

அன்பு மகள் ஜெனிவீவுக்கு மம்மி எழுதிக்கொள்வது,

ஆண்டவர் இரக்கத்தால் இங்கே நானும் டாடியும் சுகம். அங்கே மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளை மைக்கேல்ராஜும் குட்டி நேட்டலியும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஜெபமாலையில் ஒரு பத்து மணியை உங்களுக்கென்றே வைத்திருக்கிறேன். வழக்கமாக இந்த வரியைக் கை தானாகவே எழுதிவிடும், முட்டி வலியோ இருமலோ எது இருந்தாலும் சுகம் என்றுதான் எழுதுவேன். இந்தத் தடவை அப்படி இல்லை. டாடி சுகம் என்பதற்கு டாக்டர் கையெழுத்துப் போட்ட சாட்சியே இருக்கிறது, இதே கவருக்குள் மடித்து வைத்திருக்கிறேன், முதலில் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வா. பார்த்தாயா, இரண்டு கிட்னியும் நன்றாக இருக்கிறது என்று போட்டிருக்கிறதா? மார்ச் மாதம் உனக்கு ஈமெயிலில் வந்ததே, தியோடர், வயது அறுபத்தாறு, இடது கிட்னியில் கட்டி என்று, அது டாடியின் கிட்னியே இல்லை. ஆள் மாறிவிட்டது என்று நான் போனில் தலையால் அடித்துக்கொண்டேன், நீ நம்பவில்லை. ஸ்கேன் சென்டரில் அப்படியெல்லாம் மாற்றமாட்டார்கள், என்னிடம் மறைக்கிறீர்கள் என்று அழுதாய். அப்படியானால் யாருடைய கிட்னி, பெயரைச் சொல்லு பார்ப்போம் என்று வக்கீல் மாதிரி மடக்கினாய், நான் வாயை மூடிக்கொண்டேன். உனக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும். ஆனால் நான் வாக்குக் கொடுத்திருந்தேன் கண்ணு. இப்போது வாக்கு வாங்கினவரே உட்கார்ந்து எழுது என்று பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டார். அது நம் யூஜின் அங்கிளின் கிட்னி.

இரண்டு கேட் தள்ளி இருக்கிற அதே யூஜின் அங்கிள்தான். டாடிக்கு ஷிஃப்ட் இருந்த நாளெல்லாம் உன்னை லாம்ப்ரெட்டாவில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனவர். அவர் கிட்னி டாடி பெயருக்கு எப்படி வந்தது என்றுதானே கேட்கிறாய், ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், நடுவில் தாண்டித் தாண்டிப் படிக்காதே. எல்லாம் நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பரிசில் ஆரம்பித்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் சாக்லேட் அனுப்புகிறார்கள், சென்ட் பாட்டில் அனுப்புகிறார்கள், என் மகள் தங்க நிற ரிப்பன் கட்டி, கணவன் மனைவி இருவருக்கும் தலையிலிருந்து கால்வரை ஸ்கேன் என்று கூப்பன் அனுப்பினாள். உன் ஆசை எனக்குப் புரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. டாடி அதை வாங்கி, ஒரு தடவை படித்து, இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, நல்லா ஓடுற இன்ஜினை யாராவது கழட்டிப் பாப்பாங்களா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முப்பது வருஷம் எச்.ஏ.எல்லில் நீங்கள் செய்த வேலை என்ன, நன்றாகப் பறந்துவிட்டு வந்த விமானத்தைத் திறந்து திறந்து பார்த்ததுதானே என்று கேட்டேன். அதுக்கு ஸ்டோர்ஸ்ல ஸ்பேர் பார்ட் இருந்துச்சு பிரிஜிட், எனக்கு இருக்கா என்றார். இந்த மனிதரோடு எப்படிப் பேசுவது சொல்லு.

கூப்பன் மார்ச் மாதத்தோடு முடிகிறது என்று போட்டிருந்ததால் நானே போன் செய்து ஒரு வெள்ளிக்கிழமை காலைக்கு நேரம் வாங்கினேன். வெறும் வயிற்றோடு வரவேண்டும், தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்றார்கள். அதை முந்தின நாளே டாடியிடம் சொல்லி, சாப்பிடும்போது சொல்லி, படுக்கப் போகும்போதும் சொன்னேன். காலையில் புடவை கட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன், உன் டாடி சமையலறையில் நின்றுகொண்டு முந்தின நாள் செய்த பன்றிக்கறி வறுவலைச் சட்டியிலிருந்தே எடுத்து பிரெட்டில் வைத்துத் தின்றுகொண்டிருக்கிறார். அதுவும் சூடு பண்ணாமல். அதுவும் தவக்காலத்து வெள்ளிக்கிழமை, சுத்தபோசனம், ஊரெல்லாம் கறியைத் தொடாத நாள். முகத்தில் குற்ற உணர்ச்சி என்று பார்த்தால் துளி கிடையாது, உதட்டோரம் மிளகுதான் இருந்தது. மறந்துட்டேன் என்றார். வேண்டுமென்றே தின்றார் ஜெனி, சட்டி பாதி காலி, மறந்துபோய்த் தின்கிற மனிதன் எலும்பை ஓரமாக அடுக்கி வைப்பானா.

நான் தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்திக்கொண்டிருக்கும்போது யூஜின் கேட்டைத் திறந்துகொண்டு பாடிக்கொண்டே வந்தார், டாடியை வாக்கிங் கூட்டிப்போக. லில்லி ஆன்ட்டி இறந்து தனிக்கட்டை ஆனதிலிருந்து அவர் தவக்காலத்தை ரொம்பக் கடுமையாக எடுத்துக்கொள்கிறார், வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்து வீட்டுக்குப் போகிறவரை பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படாது. டாடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும், ரிப்பேருக்கு வந்த ஒரு சாமானில் இன்னொரு சாமானின் பாகம் பொருந்துமா என்று பார்க்கிற பார்வை. மச்சான், வயிறு காலியாத்தானே இருக்கு என்று கேட்டார். பிள்ளை அங்கே கஷ்டப்பட்டு சம்பாதித்துக் கட்டிய பணம், வீணாகப் போகலாமா, ஆள் ஒண்ணுதானே குறையுது, நீ போய்ப் படுத்துட்டு வா என்றார். யூஜின் கொஞ்சமும் யோசிக்கவில்லை, வீட்டுக்குப் போய் ஈஸ்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் வேண்டாம் என்று ஒரு தடவைதான் சொன்னேன், இரண்டு தடவை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கட்டின பணம் வீணாகிறது என்றால் நம் வீட்டில் யாருக்கும் புத்தி வேலை செய்யாது என்பது உனக்கே தெரியும், சுத்தமாக இருந்தால் பழைய மெழுகுவர்த்தியைக்கூட உருக்கி மறுபடி ஊற்றுகிற குடும்பம்.

ஆக உன் மம்மி அறுபத்திரண்டு வயதில் கணவனை வீட்டில் விட்டுவிட்டு யூஜின் அங்கிளோடு ஆட்டோவில் கிளம்பினாள். ரிச்சர்ட்ஸ் பார்க் முனையில் கோதண்டராமன் சார் பார்த்துவிட்டார், டாடியோடு பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர். அவர் நேரே நம் வீட்டுக்கு வந்து, பதமாக ஆரம்பித்து, உங்க வீட்டம்மா யூஜினோட ஆட்டோவுல நல்லா டிரஸ் பண்ணிட்டுப் போறாங்களே என்று சொல்ல, டாடி, ஆமா சார், நான்தான் அனுப்பி வெச்சேன் என்றாராம். அன்றைக்கு அவர் காபிகூட வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். சென்டரில் கவுன்ட்டர் பெண், திண்டி ஆய்தா என்று கன்னடத்தில் கேட்டாள், டிஃபன் சாப்பிட்டுவிட்டீர்களா என்று. இல்லம்மா, தவக்காலம் என்று யூஜின் ஆரம்பித்தார், நான் காலை மிதித்தேன். பிறந்த தேதி கேட்டாள், தன் தேதியையே சொன்னார், மறுபடி மிதித்தேன். கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் சார் என்று அவள் சும்மா பேச்சுக்குக் கேட்டதற்கு இந்த மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரொம்ப வருஷமா சகிச்சுக்கிட்டு இருக்கேம்மா என்று பெருமூச்சு விட்டார். லில்லி ஆன்ட்டி மேலேயிருந்து விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அந்தப் பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்து மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்று மெஷின் சொன்னதாம், விடுங்கள் என்று சொன்ன பிறகும் இவர் விடவில்லை, கோயில் பாடகர் குழுவில் கீழ்க்குரலில் எப்படி இழுத்துப் பிடிப்பார் தெரியுமே, உள்ளே இருந்த பெண் பயந்துபோய் ஓடிவந்து தோளைத் தட்டினாளாம். எல்லாம் முடிந்ததும் இலவசமாக உப்புமாவும் வடையும் கொடுத்தார்கள். இவர்தான் தவக்காலமாயிற்றே, தன் பங்கை அப்படியே பார்சல் கட்டிக் கொண்டுவந்தார். அதையும் உன் டாடிதான் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. என்னுடையதில் எல்லாம் நார்மல், ஃபேட்டி லிவர் கொஞ்சம் என்று மட்டும் போட்டிருந்தது. டாடி அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தார், ஃபேட்டி, காபி கிடைக்குமா என்று. இன்னொரு கவரை அவரிடம் கொடுக்காமல் நானே பிரித்தேன். பாதி புரியவில்லை, இடது கிட்னியில் என்று எழுதியிருந்த இடம் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. அதைப் படித்து முடிக்கவில்லை, நீ போன் செய்துவிட்டாய், பணம் கட்டினவள் என்று உனக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஜெனி, ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. கூடவே போய் வந்தவள் நான், யார் படுத்தது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் தியோடர் என்ற பெயரையும் அந்த வரியையும் ஒன்றாகப் பார்த்தபோது ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் நினைவு வந்தது, அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா முழுசாக வெளியே வருவதற்குள் கேட் திறக்கிற சத்தம், யூஜின் பாடிக்கொண்டே வருகிறார். எனக்கு என் மேலேயே வெட்கமாகிவிட்டது. டாடிக்குப் பதிலாக இவர் என்றால் பரவாயில்லையா என்று என் மனசே என்னைக் கேட்டது.

அவரை உட்கார வைத்து, டாடியும் நானும் மெதுவாகச் சொன்னோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டை வாங்கி, மேலேயிருந்து படித்து, பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். தியோடர்னுதானே போட்டிருக்கு, அப்ப இது உன்னோடதுதான் மச்சான் என்றார். நாங்கள் விளையாட்டு என்று நினைத்தோம். விளையாட்டு இல்லை. நான் போகவே இல்லையே என்று டாடி கத்த, அதெல்லாம் எனக்குத் தெரியாது, மெஷின் உன் பேரைத்தான் எழுதியிருக்கு என்று அவர் கத்த, பந்தியில் கடைசி வடையை ஒருத்தர் இலைக்கு ஒருத்தர் தள்ளுகிற மாதிரி அந்தக் கிட்னியை இருவரும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். என்னோடதா இருந்தா ஆண்டவர் என் பேரை எழுதியிருக்க மாட்டாரா என்று என்னிடமே கேட்டார். டாக்டர் பாகீரதியிடம் மூவரும் போனோம், நீ சின்னப் பிள்ளையில் ஊசிக்கு அழுதுகொண்டு போவாயே அதே பிரேசர் டவுன் கிளினிக்தான். அவர் முதலில் எங்கள் மூவருக்கும் நல்ல டோஸ் விட்டார். நன்றாக இருக்கிறவர்களைத் துருவித் துருவிப் பார்த்தால் ஏதாவது ஒன்று அகப்படத்தான் செய்யும், அதில் பாதி ஒன்றுமில்லாதது, அதை வைத்து வீணாகப் பயந்து சாகிறார்கள், அதனால் எனக்கு இந்தப் பேக்கேஜே பிடிக்காது என்றார். அப்பாடா என்று யூஜின் எழுந்தார். உட்காருங்க, இது அந்தப் பாதியில்லை என்றார் டாக்டர். இப்போதைக்குச் சின்னது, கிட்னிக்குள்ளேயே இருக்கிறது, எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு போய்விடும், விட்டுவிட்டால் வலி வரும்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம், ஆனால் முதலில் சொந்தப் பெயரில் ஒரு டெஸ்ட் எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

யூஜின் எங்கே எடுத்தார். எனக்கு வலி இல்ல, எரிச்சல் இல்ல, மாடிப்படி ஏறிப் பாட்டு மேடைக்குப் போறேன், மூச்சு வாங்கல, நல்லா இருக்கிற உடம்பை எதுக்குக் கிழிக்கணும், சும்மா பேஜார் பண்ணாதீங்க என்றார். ஈஸ்டர் முடியட்டும் என்றார், பிறகு அந்தோணியார் திருநாள் முடியட்டும் என்றார், அது ஜூன் மாதம். லில்லி ஆன்ட்டி ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள் நடந்து திரும்பவில்லை, அதை அவர் சொல்லவில்லை, சொல்லாமலே எங்களுக்குத் தெரியும். இந்த விஷயம் வெளியே போகக்கூடாது, கே.ஜி.எஃப்.பில் இருக்கிற அக்காவுக்குத் தெரிந்தால் பெட்டி படுக்கையோடு வந்துவிடுவாள், ஜெனியிடமும் சொல்லக்கூடாது என்று எங்கள் இருவரிடமும் மாதா படத்துக்கு முன்னால் வாக்கு வாங்கிக்கொண்டார். நீ அங்கே அழ, அவர் இங்கே பாட, நடுவில் நான் போனைப் பார்த்தாலே பயந்துகொண்டிருந்தேன்.

இதற்கு வழி கண்டுபிடித்தது யார் தெரியுமா, கறி தின்ற உன் டாடி. ஒரு நாள் காலை வாக்கிங் முடிந்து நம் சாப்பாட்டு மேஜையில் மூவரும் காபி குடிக்கும்போது டாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மச்சான், நானே போய் அந்த மெஷினுக்குள்ள படுக்கிறேன், என் இடது கிட்னியில கட்டி இருந்தா அது என்னோடது, நான் ஆபரேஷன் பண்ணிக்கிறேன், இல்லேன்னா அது உன்னோடது, நீ பண்ணிக்கணும், கையைக் கொடு என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரத்தப் பரிசோதனைக்கு விரலைக் குத்தினாலே மயங்கி விழுகிற மனிதர், நீ பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு முன்னால் அவருக்குத்தான் ஸ்ட்ரெச்சர் வந்தது. யூஜின் யோசித்துக் கையைக் கொடுத்தார். டாடி பயந்து பின்வாங்கிவிடுவார் என்ற நம்பிக்கைதான், வேறென்ன. முதல் சென்டரில் தியோடர் என்றால் யூஜினின் முகம்தான் தெரியும் என்பதால் வேறு ஒரு இடத்தில் நேரம் வாங்கினேன். அன்றைக்கு நான் சமையலறையைப் பூட்டிவைத்தேன், பூட்டவே தேவையில்லை, அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாட்சிக்கு யூஜினும் ஜெபமாலையோடு முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார்.

ஆட்டோவில் போகும்போது, இவ்வளவு தைரியம் இருந்த மனிதர் அன்றைக்கே வந்திருக்கலாமே என்று டாடியைக் கேட்டேன். சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டிக்கொண்டே வந்தார். பிறகு, கூப்பனைப் பாத்ததும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா பிரிஜிட், பிள்ளை நமக்கு நாள் எண்ண ஆரம்பிச்சிட்டாளேன்னு தோணுச்சு என்றார். நமக்கு ஏதாவது இருக்கு என்று தெரிந்தால் அவள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள், தெரியாமலே இருந்தால் அவள் அங்கே நிம்மதியாக இருப்பாள் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆட்டோக்காரர் கண்ணாடியைத் திருப்பி வைத்தார். உனக்கு வருத்தமாக இருக்கும் என்று இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் நீ தெரிந்துகொள். உன் பரிசு எங்களுக்குப் பிடிக்காமல் இல்லை. நீ அங்கே உட்கார்ந்து எங்கள் வயதை எண்ணிக் கவலைப்படுகிறாய் என்று தெரிந்ததுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. அதற்குத்தான் அந்த மனிதர் பன்றிக்கறியைத் தின்றார். அந்தப் பாவத்தைப் பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியும்விட்டார், கூண்டுக்குள்ளிருந்து ஃபாதர் சிரித்த சத்தம் வெளியே வரிசையில் நின்ற எனக்கே கேட்டது.

ரிப்போர்ட் என்ன சொன்னது என்று உனக்குத் தெரியும், கையில் வைத்திருக்கிறாய். கிட்னி இரண்டும் பழுதில்லை. லிவரில் கடுகு மாதிரி ஒரு நீர்க்கட்டி, அதைத் தொடவே வேண்டாம் என்று டாக்டர் பாகீரதி சொல்லிவிட்டார். முதல் நாள் டாடிக்கு அதை நினைத்துச் சாப்பாடு இறங்கவில்லை, இரண்டாம் நாளிலிருந்து பெருமை. இதுவரை பார்க் பெஞ்சில் ஒருத்தர் சுகர் சொல்லுவார், ஒருத்தர் கொலஸ்ட்ரால் சொல்லுவார், டாடிக்குச் சொல்ல ஒன்றுமே இல்லாமல் மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், இப்போது லிவரில் ஒரு சமாச்சாரம் இருக்கு சார் என்று அவரும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார். ஆனால் யூஜின் அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பெயரைப் பார்த்தார், வயதைப் பார்த்தார், கிட்னி வரியைப் படித்தார், மறுபடி பெயரைப் பார்த்தார். அவர் பாடாமல் உட்கார்ந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். டாடி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார், ஜெயித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் யூஜின், ஆஸ்பத்திரியில காபி நல்லா இருக்குமா என்று கேட்டார். நான் பிளாஸ்க்கில் கொண்டுவருகிறேன் என்றேன்.

ஈஸ்டருக்குப் பாடிவிட்டுத்தான் போவேன் என்றார், டாக்டரும் சரி என்றார். சொந்தப் பெயரில் டெஸ்ட் எடுத்தார்கள், அதே இடத்தில் அதே கட்டி. ஈஸ்டர் காலைப் பூசையில் அல்லேலூயா பாடும்போது என்னால் பாட்டு மேடையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, டாடி மூக்கைச் சிந்திச் சிந்தி என் கைக்குட்டையையும் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் ஆபரேஷன். அந்தக் கிட்னியை எடுத்துவிட்டார்கள். அது கேன்சர்தான் ஜெனி, சோதனையில் அப்படித்தான் வந்தது, ஆனால் வெளியே எங்கேயும் பரவவில்லை, முழுசாக உள்ளேயே இருந்தபோதே எடுத்தாயிற்று, இனி வேறு மருந்து வேண்டாம், அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். உடம்பில் ஒரு வலியும் இல்லாத மனிதர், பாடிக்கொண்டே திரிந்தவர், டாடி மட்டும் அந்த வெள்ளிக்கிழமை வயிற்றைக் காலியாக வைத்திருந்தால் இவருக்கோ எங்களுக்கோ எதுவும் தெரிந்திருக்காது. அதற்காக டாடி அந்தக் கறியைப் புண்ணியக் கணக்கில் சேர்க்கப் பார்க்கிறார், நான் விடவில்லை.

இப்போது அவர் உன் ரூமில்தான் இருக்கிறார், உன் கட்டிலில். உப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார், டாடி தினமும் அவருக்குக் கஞ்சி வைத்து, அது கட்டி தட்டிப்போய், இருவரும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். கே.ஜி.எஃப். அக்காவும் பெட்டியோடு வந்துவிட்டுப் போனார், யூஜின் பயந்தது சரிதான். நீ அடித்துப்பிடித்துக்கொண்டு கிளம்பி வராதே, லீவு கிடைக்கவில்லை என்றால் பயந்துபோய் எடுத்து வைத்திருக்கிற மே மாதக் கடைசி டிக்கெட்டைக் கேன்சல் செய், டிசம்பரில் நேட்டலியைக் கூட்டிக்கொண்டு நிதானமாக வா. எங்களைப் பார்த்துப் பயந்துபோய் நீயும் ஓடிப்போய் மெஷினுக்குள் படுக்காதே, உன் டாக்டரைக் கேள், தேவை என்று அவர் சொன்னதை மட்டும் செய், தண்ணீர் நிறையக் குடி, மாப்பிள்ளையிடம் ராத்திரி நேரத்தில் சீஸ் தின்ன வேண்டாம் என்று சொல்லு, ஃபேட்டி லிவர் என்று ஒன்று இருக்கிறது. வருகிற கிறிஸ்துமஸுக்குப் பரிசு அனுப்புவதென்றால் சாக்லேட் அனுப்பு.

ஒன்றை மட்டும் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். ஆபரேஷனுக்காக அட்மிஷன் போடும்போது நர்ஸ் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள், மனைவி இருக்கிறார்களா, இல்லை, பிள்ளைகள் உண்டா என்று. லில்லி ஆன்ட்டி இருந்த காலத்தில் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், அவள் முகம் வாடுமே என்று அவர் எப்படியாவது பேச்சை மாற்றிவிடுவார், அதனால் நான் சட்டென்று பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்ற ஆரம்பித்தேன். அவர் பேச்சை மாற்றவில்லை. ஒரு மகள் இருக்காம்மா, மெல்போர்ன்ல இருக்கா, அவதான் என்னை ஸ்கேனுக்கு அனுப்பினது என்றார். எனக்கு டாடியைப் பார்க்கப் பயமாக இருந்தது, தன் குடையைக்கூட யாருக்கும் இரவல் தராத மனிதர். அவர் மறுக்கவில்லை. மகள் பெயர் என்ன என்று நர்ஸ் கேட்டாள், யூஜின் டாடியைப் பார்த்தார். டாடிதான் குனிந்து, ஜெனிவீவ் என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக ஸ்பெல்லிங் சொன்னார்.

இயேசுவின் திரு இருதயமும் அன்னை மரியாளும் உன்னையும் மாப்பிள்ளையையும் குட்டியையும் எந்த நோய் நொடியும் அண்டாமல் காத்து நடத்தட்டும். உங்கள் மூவர் நெற்றியிலும் எங்கள் சிலுவை அடையாளம்.

அன்பு மம்மி,
பிரிஜிட் தியோடர்

மறந்துவிடாதே: இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது டாடி எடுக்கமாட்டார், யூஜின்தான் எடுப்பார், அப்படித்தான் இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள், இப்போதே போன் பக்கத்தில் நாற்காலி போட்டாயிற்று. அவரை அங்கிள் என்று கூப்பிடுவதோ வேறு எப்படிக் கூப்பிடுவதோ உன் இஷ்டம்.